தானாகச் சரியாகிற வீடு

தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து படுத்திருக்கிறேன். தலை வலிக்கவில்லை. நெற்றி முழுக்கத் தைலம் தேய்த்திருப்பதால் கண்தான் எரிகிறது. பொய் சொல்வதென்றால் அதற்கு உண்டான வாசனையோடு சொல்ல வேண்டும். மணி பத்தே கால். பீரோவின் ஒரு கதவை அரை அடி திறந்து வைத்திருக்கிறேன். அந்தக் கதவுக் கண்ணாடியில் ஹாலின் மேற்குச் சுவர் தெரிகிறது, டிவி மேசை தெரிகிறது, மேசை ஓரத்தில் வைஃபை பெட்டி தெரிகிறது. பெட்டியில் சிவப்பு விளக்கு. காலையில் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனபோது பச்சை, இறங்கி வந்தபோது சிவப்பு. இது தானாகச் சரியாகிவிடும், எனக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லாம் தானாகக் கெடுகிறது, தானாகச் சரியாகிறது. கெட்டதை நான் ஒருத்திதான் பார்க்கிறேன், சரியானதை ஊரே பார்க்கிறது. அதனால் கெட்டுப்போனது என் மூளைதான் என்று என் மகள் சுபாஷிணி முடிவு கட்டிவிட்டாள். நாளை மறுநாள் சனிக்கிழமை புனேயிலிருந்து வருகிறாள், என்னை மறதி நோய் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போக. அவர் தலையாட்டிவிட்டால் இந்தத் திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டு, கோயம்புத்தூருக்கு வெளியே ஏதோ முதியோர் குடியிருப்பில் எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய் வைப்பதாக ஏற்பாடு. அங்கே மணி அடித்ததும் சாப்பாடாம். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கச் சொன்னவள் நான், கடைசிக் காலத்தில் மணிக்கு எழுந்து தட்டோடு வரிசையில் நிற்க வேண்டுமாம். அதெல்லாம் நடக்காது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன். மனிதனோ, பேயோ, மின்சாரமோ, எதுவாக இருந்தாலும் அந்தச் சிவப்பு பச்சையாகிற நேரத்தில் என் கண் அங்கே இருக்கும்.

முதலில் கெட்டது காலிங்பெல். ஆனி மாசம். வாசலில் கூரியர்காரர் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போய், என்னைப் போனில் கூப்பிட்டுக் கத்தினார். நானே வெளியே போய் அழுத்திப் பார்த்தேன், ஓசை இல்லை. இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். டெலிபோன் இலாகாவில் இருந்தவர். கடைசிப் பதினெட்டு வருஷம் அவர்களுடைய பயிற்சி மையத்தில் வாத்தியார். நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவர் அங்கே வாத்தியார், வீட்டில் மாணவர் யாரும் இல்லாததால்தான் சண்டையே வரும் என்று என் நாத்தனார் சொல்லுவாள். அருணகிரி சார் தொட்டால் செத்த ரேடியோவும் பாடும் என்று இந்தக் காலனியில் பெயர். அந்த மனுஷன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பார்க்கலாம்" என்றார். நான் சமையலுக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பால்காரர் வந்தார், பெல் கணீரென்று அடித்தது. "ஏங்க, நீங்க சரி பண்ணினீங்களா" என்று கேட்டால், "எதை? நல்லாத்தானே இருக்கு" என்கிறார். சரி, ஏதோ ஒயர் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று விட்டேன். ஆடியில் டிவி. நீலத் திரையில் இணைப்பு இல்லை என்று எழுத்து வந்தது, மத்தியானம் வரை இருந்தது, நான் குளித்துவிட்டு வந்தால் சீரியல் ஓடுகிறது. அப்புறம் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின். அது ஒரு நாள் முழுக்கக் கெட்டுக் கிடந்தது. மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் வந்து குழாயைத் திறந்தார், கங்கை மாதிரி கொட்டுகிறது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மரியாதையான பார்வைதான், அதுதான் எரிச்சல். வாசல் வரை போய்த் திரும்பி, "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா அவங்களை விட்டு போன் பண்ணச் சொல்லுங்கம்மா" என்றார். அறுபத்தெட்டு வயசுக்கு மேல் இன்னும் யார் பெரியவர்?

அன்றிலிருந்து சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வருகிறேன். எது கெட்டது, எத்தனை மணிக்கு, எப்போது சரியானது. படுத்தபடியே மனசுக்குள் புரட்டிப் பார்க்கிறேன், எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது, மறதிக்காரிக்கு இப்படி இருக்குமா? ஆனியில் ஒரு மணி நேரத்தில் சரியானது. ஆடியில் அரை நாள். ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள். போன வாரம் சமையலறை டியூப்லைட் இரண்டு நாள் எரியவில்லை, மூன்றாம் நாள் காலை எரிந்தது. வரவர நேரம் கூடுகிறது. திருடனுக்குத் துணிச்சல் கூடக்கூட இப்படித்தான் நிதானமாக வேலை செய்வான். தேர்வு அறையிலும் இதே கதைதான். முதல் பரீட்சையில் பயந்து பயந்து அரைக் கண்ணால் பார்ப்பார்கள், கடைசிப் பரீட்சையில் புத்தகத்தையே மடியில் விரித்துவிடுவார்கள். நான் கணக்கு டீச்சர், ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கணக்கு இல்லை, கண்காணிப்பு. தையல்நாயகி டீச்சர் டூட்டி என்றால் பிட் கொண்டு வந்தவர்கள் கழிப்பறைக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். முதுகைப் பார்த்தே சொல்லுவேன், இவன் சட்டைப் பையில் ஏதோ இருக்கிறதென்று. கை அங்கே போகாது, ஆனால் தோள் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட என்னை ஒரு பல்பும் ஒரு ஒயரும் ஏமாற்றுவதா. கண்ணாடியில் சிவப்பு அப்படியே இருக்கிறது. ஹாலில் மின்விசிறி சத்தம். இவர் பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்டு ரொம்ப நேரம் ஆயிற்று. தூங்கிவிட்டாரோ.

எதிர் வீட்டுப் பிரகதீஸ்வரன் மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். குடிவந்த புதிதில் அரை நாள் வைஃபை கேட்டார், பாஸ்வேர்டு சொன்னேன், அதோடு தொலைந்தது. கம்ப்யூட்டர் ஆட்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே இந்தப் பக்கத்தை ஆட்டிவைப்பார்களாமே, செய்தியில் வந்தது. ஆனால் டியூப்லைட்டை எப்படி ஆட்டிவைப்பார்? காலிங்பெல்லுக்குப் பாஸ்வேர்டு கிடையாதே. அப்புறம் சுபாஷிணி மேலேயே சந்தேகப்பட்டேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும் பட்டேன். இந்தப் பெட்டியை வாங்கி ஆள் வைத்து மாட்டியவள் அவள். எரிகிறதா இல்லையா என்று புனேயிலிருந்தே தன் போனில் பார்ப்பாள். என்னைக் கோயம்புத்தூருக்குக் கிளப்ப அவளே அணைத்து அணைத்து... சீ, பெற்ற பெண்ணை. ஆனால் நினைப்புக்கு வெட்கம் ஏது, அது பாட்டுக்கு வருகிறது. இரண்டாவது மாடி ஜெசிந்தா, "எதுக்கும் ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கச் சொல்லட்டுமாக்கா" என்று கேட்டாள். பேய்க்கு என் வீட்டு டியூப்லைட்டில் என்ன வேலை? பிறகு ராத்திரி சோறு இறங்காமல் நானே என்னைச் சந்தேகப்பட்ட நாளும் உண்டு. மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்தேன், நிஜம். ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டேன், நிஜம். ஒருவேளை பெல் அடிக்கத்தான் செய்ததோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ? கூரியர்காரர் கத்தினாரே. கத்தினாரா? அவர் பேர் என்ன, சட்டை என்ன நிறம்? காக்கி. இல்லை, நீலம். இந்த இடத்தில்தான் தினமும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். பதினேழு, முப்பத்து நாலு, ஐம்பத்தொன்று, அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு என் வயசு. அது சரியாக வந்ததும் கொஞ்சம் மூச்சு வரும்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் சந்தேகம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹாலில் இவர் மகளோடு போனில் பேசுகிறார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், போனைக் காதில் வைத்தால் சரியாகக் கேட்காதாம். "அம்மா எப்படிப்பா இருக்கா? உண்மையைச் சொல்லுங்க" என்கிறாள். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், "கொஞ்சம் மறதிதான்." அந்த இரண்டு வார்த்தை. நாற்பத்து மூன்று வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன், மெக்கானிக் பார்த்த அதே பார்வையைத் தன் குரலில் வைத்துக்கொண்டு சொன்னார். கையிலிருந்த செம்பை அவர் மேல் எறிந்திருப்பேன். எறியவில்லை, ரொம்ப அழுதேன், முகம் கழுவிக்கொண்டு தோசை ஊற்றினேன், இவர் நான்கு தோசை சாப்பிட்டார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல? அதன்பிறகு யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்துகிறது. கெடுவதெல்லாம் நான் மாடிக்கோ கடைக்கோ போகிற நேரத்தில். சரியாவதெல்லாம் நான் குளிக்கிற நேரத்தில், அல்லது படுக்கிற நேரத்தில். அப்போதெல்லாம் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் யார்? ஒயர் தெரிந்த ஆள் யார்? ஒவ்வொரு தடவையும் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்கிய ஆள் யார்? ஏன் என்பதுதான் புரியவில்லை. இந்த வீடு அலுத்துவிட்டதா? கோயம்புத்தூர்க் குளிருக்கு ஆசையா? நேராகச் சொன்னால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? என்னைப் பைத்தியக்காரி ஆக்கித்தான் கூட்டிப்போக வேண்டுமா? தைலம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. துடைக்கக் கை தூக்கினால் கட்டில் முனகும், அசையாமல் கிடக்கிறேன்.

இதோ, கண்ணாடியில் இவர். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார், இழுத்தால் சத்தம் வருமே. படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை. நான் கண்ணை முக்கால் மூடிக்கொண்டேன். மேசை முன்னால் உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வருகிறது. எழுந்து போய்ப் பின்கழுத்தைப் பிடித்தால் என்ன என்று ஒரு வேகம் வந்தது. பொறு தையல்நாயகி, முழுசாகச் செய்யட்டும், பாதியில் பிடித்தால் சாமர்த்தியமாகப் பேசிவிடுவார். பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். பின்னால் ஒயர்கள் கழன்று தொங்குகின்றன. அப்படியென்றால் காலையில் கழற்றியதும் இவர்தான். சந்தேகம் தீர்ந்தது, பிடித்தாயிற்று, எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் இவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பழைய டைரித் தாள். தொடையில் வைத்து நீவிவிட்டு, விரலை வைத்து, உதடு அசைய அசையப் படிக்கிறார். பிட். என் வீட்டுக்காரர் பிட் வைத்திருக்கிறார். செத்த ரேடியோவைப் பாடவைத்தவர், மூன்றே ஒயர் உள்ள ஒரு பெட்டிக்கு.

மஞ்சள் ஒயரைக் கையில் எடுத்தார். மஞ்சள் ஒயர் மஞ்சள் ஓட்டையில் போக வேண்டும். அது எனக்கே தெரியும். மாட்டிக் கொடுத்தவன் சொல்லிவிட்டுத்தான் போனான், ஒன்றாங்கிளாஸ் பிள்ளையும் மாட்டும். இவர் அதைக் கறுப்பு ஓட்டையில் செருகினார். காத்திருந்தார். சிவப்பு. உருவினார், பக்கத்து ஓட்டையில் செருகினார். சிவப்பு. தாளைப் பார்த்தார். தாளை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அப்புறம் மெதுவான குரலில் ஆரம்பித்தார், "வெள்ளை நீலம், வெள்ளை ஆரஞ்சு, வெள்ளை பச்சை." டெலிபோன் கேபிளுக்குள் ஒயர்களை ஜோடி சேர்க்கிற நிற வரிசை அது. கல்யாணமான புதிதில் தூக்கத்தில்கூடச் சொல்லுவார், நான் சிரிப்பேன். இந்தப் பெட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "வெள்ளை பச்சை" என்றார். நின்றார். "வெள்ளை நீலம், வெள்ளை ஆரஞ்சு, வெள்ளை பச்சை." மறுபடி நின்றார். பிரவுன். வெள்ளை பிரவுன், அதற்கு அடுத்தது வெள்ளை சாம்பல். எனக்குத் தெரிகிறது, என் உதடு தலையணைக்குள் சொல்லிவிட்டது, இவருக்கு வரவில்லை. பயிற்சி மையத்தில் இவர் காலையிலேயே போய் போர்டில் இருபது இடத்தில் ஒயரைக் கழற்றி வைத்துவிடுவார். ஃபால்ட் வைப்பது என்று அதற்குப் பேர். பயிற்சிக்கு வந்தவர்கள் மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துச் சரிசெய்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆனியிலிருந்து இவர் தனக்குத்தானே ஃபால்ட் வைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் ஒரு மணி நேரத்தில் தேறினார். அப்புறம் அரை நாள். அப்புறம் இரண்டு நாள். நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேனே, அது திருடனின் துணிச்சல் இல்லை. இவருடைய மார்க். ஒவ்வொன்றாக இறங்கி வந்ததை நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், கணக்கு டீச்சர். என்னிடம் கேட்டிருக்கலாமே. பயமாக இருக்கிறது தையல் என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக, எங்கள் இருவரில் மறதி ஒருவருக்கு இருந்தே ஆக வேண்டும் என்றபோது, அதை என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். கோபம் வரவேண்டும். தேடிப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை அத்தனை இருந்தது, இப்போது கொஞ்சமும் இல்லை. பயம்தான் இருக்கிறது. இந்தச் சிவப்பு பச்சையாகாதோ என்று பயம். ஒரு காலமும் நான் பிட் அடிப்பவர்களுக்காகச் சாமியை வேண்டிக்கொண்டதில்லை. மஞ்சளில் போடுங்க, மஞ்சளில் போடுங்க என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன்.

மணி பதினொன்று, தலைமாட்டில் போன் அடித்தது. கண்ணாடியில் இவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். தாளைச் சட்டைப் பையில் திணித்தார். ஒயர் கீழே விழுந்தது. நான் போனை எடுத்து, அப்போதுதான் விழித்தவள் மாதிரி, "ம், சொல்லு சுபா" என்றேன்.

"என்னம்மா, வீடியோல கூப்பிட்டா வரவே மாட்டேங்குது. மறுபடியும் வைஃபை போச்சா?"

"ஆமா."

"அப்பாகிட்ட குடு. அவரே பார்த்துச் சொல்லட்டும்."

இவர் கதவருகில் வந்து நிற்கிறார். கை பையின் மேல் இல்லை, ஆனால் தோள் அங்கேயே இருக்கிறது. மூன்று மாசமாக நான் காத்திருந்த நேரம் இதுதான். வா சுபா, வந்து உன் அப்பா பையில் என்ன இருக்கிறது என்று பார், கெட்டுப்போனது என் மூளை இல்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எனக்கு மானம் திரும்பிவிடும். இவருக்குக் கண் என் மேல் இல்லை. என் கையில் இருக்கிற போன் மேல் இருக்கிறது.

"அப்பாவை எதுக்குடி தொந்தரவு பண்ற. நான்தான் தூசி தட்டறேன்னு ஒயரை எல்லாம் கழட்டினேன். எது எங்க போகுதுன்னு மறந்துட்டேன்."

"நிஜமாவாம்மா?" என்றாள்.

"நிஜமாத்தான்."

"அப்ப அந்த பெல்லு, லைட்டு எல்லாம்?"

"எல்லாம்தான். ஏதாவது நோண்டிடறேன், அப்புறம் ஞாபகம் இருக்க மாட்டேங்குது."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் என்னோடு சண்டை போட்டவள், நான் ஒத்துக்கொண்டதும் உடைந்துவிட்டாள். "பரவால்லம்மா. சனிக்கிழமை வந்துடறேன். டாக்டர்கிட்ட பேசிக்கலாம். பயப்படாதே."

"வரேன். ஆனா என் பேரை மட்டும் போடாதே. அப்பா பேரையும் சேர்த்துப் போடு. ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்க்கட்டும், வயசாச்சு இல்ல. அவர் பக்கத்துல இல்லாம எனக்குத் தனியா உள்ள போக முடியாது."

"சரிம்மா. ரெண்டு பேருக்கும் போடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். இவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ முகங்களைப் பார்த்து ஒரு நொடியில் கண்டுபிடித்தவள், தேடித்தேடிப் பார்த்தேன். தெரிந்துகொண்டு நடிக்கிறாரா, நான் காப்பாற்றினேன் என்று புரிந்ததா, இல்லை முக்காலியிலிருந்து எழுந்து இந்தக் கதவுக்கு வந்த பத்தடி தூரத்தில் எல்லாமே போய்விட்டதா. ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ஒரு மூச்சு விட்டார். பயிற்சி மையத்தில் பேசுகிற அந்தப் பழைய குரல் வந்தது, கண்டிப்பாக, கொஞ்சம் செல்லமாக.

"தெரியாத சாமானை எல்லாம் ஏன் தொடறே? எத்தனை தடவை சொல்றது உனக்கு."

"இனிமே தொடலைங்க" என்றேன்.